வண்ணமீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகம் கேட்டது தண்ணீருக்குள் மூழ்க வைக்கும் எல்இடி டியூப் பற்றித்தான். சென்னை கொளத்தூர் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் பல வீடுகளில் இப்போது அதுதான் எரிகிறது. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

டியூபைக் கற்களுக்கு நடுவே தரையில் படுக்க வைத்தாலும், பக்கக் கண்ணாடியில் நிறுத்தி ஒட்டினாலும் பார்க்க நன்றாக இருக்கும். மீனுக்குத்தான் அது ஒத்துவராது. மேல் எது, கீழ் எது என்பதை மீன் உட்காதால் மட்டும் அறிவதில்லை. வெளிச்சம் வரும் பக்கம் முதுகைத் திருப்புவது அதன் இயல்பு. ஜெர்மன் உயிரியலாளர் எரிக் வான் ஹோல்ஸ்ட் 1935இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஏஞ்சல் போன்ற தட்டை உடல் மீனில் இது நன்றாகத் தெரியும். பக்கவாட்டு டியூப் மட்டும் எரிந்தால் சாய்ந்தே நீந்தும். இதை, மீன் மிதக்க உதவும் காற்றுப்பையான நீச்சல்பையின் கோளாறு என்று எண்ணி மருந்து ஊற்றிவிடுகிறோம். முதலில் விளக்கை மேலே மாற்றி ஒரு நாள் பாருங்கள். மீன் நிமிர்ந்துவிட்டால் மருந்து தேவையில்லை.

அடுத்தது, இருட்டில் சட்டென்று சுவிட்சைப் போடுவது. மீனுக்கு இமை கிடையாது. நாம் வளர்க்கும் பெரும்பாலான மீன்களுக்குக் கண்மணியும் நம்முடையதைப் போலச் சுருங்காது. வெளிச்சம் கூடும்போது மங்கலான ஒளியில் பார்க்க உதவும் விழித்திரையின் குச்சிச் செல்கள் நீண்டு நிறமிப் படலத்துக்குள் மறைய வேண்டும். அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும், மூடி இல்லாத தொட்டியிலிருந்து குதிக்கும். காலையில் முதலில் அறை விளக்கு, அரை மணி கழித்துத் தொட்டி விளக்கு. இரவில் தொட்டி விளக்கை முதலில் அணைத்து, அறை விளக்கைப் பிறகு அணையுங்கள். வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் இன்னும் நல்லது. விளக்கு போட்டவுடன் நியான் டெட்ரா வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரவில் அதன் நீலக்கோடு மங்குவது வழக்கம், சற்று நேரத்தில் திரும்பிவிடும்.

இரவு முழுக்க நீல விளக்கு எரிய விடுவதைச் செயற்குழு ஏற்கவில்லை. தலையுச்சியில் இருக்கும் பினியல் சுரப்பி கண்ணின் உதவியில்லாமலே வெளிச்சத்தை உணரும். இருள் வந்தால்தான் அது, இரவு-பகலை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனினைக் கூடுதலாகச் சுரக்கும். சிவப்பு வெளிச்சம் மீனுக்குத் தெரியாது என்ற பேச்சும் கோல்டு ஃபிஷ் விஷயத்தில் தவறு. அதற்குச் சிவப்பும் தெரியும், புற ஊதாவும் தெரியும்.

அளவுக்கு வருவோம். 60×30×30 செ.மீ. தொட்டி விளிம்பு வரை 54 லிட்டர் கொள்ளும். மீன் மட்டும், அல்லது அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகள் உள்ள தொட்டிக்கு பகல் வெளிச்சம் போன்ற 6500 கெல்வின் வெள்ளை எல்இடி 8 முதல் 10 வாட் போதும். புதுத் தொட்டிக்கு தினமும் 6 மணி நேரம், செடி வேர் பிடித்தபின் 8 மணி நேரம். பாசி பிடித்தால் உடனே ரசாயனத்தைத் தேடாமல் நேரத்தைக் குறையுங்கள். ஜன்னல் வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

நீர் புகாது என்பதைக் காட்டும் ஐபி68 குறியுள்ள, 12 வோல்ட் அடாப்டரில் இயங்கும் டியூபையே வாங்குங்கள். 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்குள் போகும் டியூப் விலை குறைவென்றாலும் வேண்டாம். தொட்டி இணைப்புக்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டியூபை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முன்கண்ணாடி ஓரம், முகம் கீழ்நோக்கிப் பின்பக்கம் சாய்ந்திருக்குமாறு ஒட்டுங்கள். வெளிச்சம் மீனின் மேலும் விழும், நம் கண்ணும் கூசாது. தண்ணீர் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கையை விட வேண்டும். தண்ணீரில் சூடு ஆறும்படி செய்த டியூப் வெளியே எரிந்தால் சீக்கிரம் கெடும்.

டியூபைக் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் நாளடைவில் இறுகிப் பிடி விடும். டியூப் விழுந்து மூடி முனை விரிசல் கண்டால் உள்ளே நீராவி முத்துமுத்தாகப் படியும். அதைக் காய வைத்து மறுபடி போடாதீர்கள், தூக்கிப் போடுங்கள். போர் தண்ணீரில் படியும் வெள்ளை உப்பை, டியூபை வெளியே எடுத்து வினிகர் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவினால் போகும். சுழல் டைமர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரம் அதுவும் நின்றுவிடுவதால், விளக்கு எரிந்து அணைவது தள்ளிக்கொண்டே போகும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

உறுப்பினர்கள் இரவல் பெற்றுப் பயன்படுத்த, சங்கச் செலவில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்றை வாங்கும் தீர்மானத்தைச் செயற்குழு இன்று உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. கணக்கறிக்கை முடிந்ததும் வாக்கெடுப்பு நடைபெறும்.

செயலாளர்