உறுப்பினர்கள் எந்த ஊருக்குப் போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசி மாவட்டத்திலுள்ள எங்கள் நகராட்சியின் தலைவரும் உறுப்பினர்களும், திடக்கழிவு மேலாண்மையை நேரில் கண்டறிவதற்காக மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகருக்குச் சென்றுவர எண்ணியிருப்பதாக அறிகிறேன். இப்படிப்பட்ட பயணம் என்றாலே வரிப்பணத்தில் உல்லாசச் சுற்றுலா என்று எழுதிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் குரலோடு சேர்ந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. 2016-இல் முந்தைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பிலேயே இருந்தன. அதனால் இன்று மன்றத்தில் அமர்ந்திருப்பவர்களில் பலர், பாதி இடங்களில் தேர்வான பெண்கள் உட்பட, முதன்முறையாக உள்ளாட்சிப் பொறுப்புக்கு வந்தவர்கள். வேறோர் ஊர் தன் வேலையை எப்படிச் செய்துகொள்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்ப்பது நல்லதே. போட்ட சாலையை மறுமாதம் குழாய் பதிக்கத் தோண்டி மீண்டும் போடும் செலவோடு ஒப்பிட்டால் பயணச் செலவு ஒரு பொருட்டே அல்ல. எந்த ஊருக்குப் போகிறார்கள், யார் யார் போகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சில ஐயங்கள் உண்டு.

இந்தூரின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மத்திய அரசின் தூய்மை ஆய்வில் 2017 முதல் தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்ற நகரம் அது. 2023-இல் மட்டும் அந்த இடத்தைச் சூரத்துடன் பகிர்ந்துகொண்டது. ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே 19 லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகையும் 85 வார்டுகளும் கொண்ட மாநகரம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. 2022 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்த அங்குள்ள எரிவாயு ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் திறனுள்ளது; எங்கள் ஊரில் ஒரு நாள் சேரும் குப்பை முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் அதன் ஒரு வேளைப் பசிகூட ஆறாது. வருகிறவர்களின் கண்ணை நிறைப்பது அந்த ஆலைதான். அந்த ஆலை ஓடுவதற்கோ, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீட்டு வாசலில் ஈரக்கழிவையும் உலர்கழிவையும் கலக்காமல் வாங்கும் பழக்கம் தெருத்தெருவாக ஏற்படுத்தப்பட்டதே காரணம். அதைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் ஏதேனும் ஒரு வார்டில் குப்பை வண்டியின் பின்னால் நடக்க வேண்டும். பொன்னாடை, விளக்கப்படக் காட்சி, ஆலையின் முன் குழுப்படம் என்று வகுக்கப்படும் நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் அளவுள்ள நகராட்சிக்குப் பொருந்தும் பாடம் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. செங்கோட்டை, புனலூர் வழியாகக் காலையில் புறப்பட்டால் அன்றே ஆலப்புழையைச் சேர்ந்துவிடலாம். 52 வார்டுகளும் ஒன்றே முக்கால் லட்சம் அளவுக்கு மக்கள்தொகையும் கொண்ட அந்த நகராட்சி, தன் குப்பையை எல்லாம் பக்கத்து ஊராட்சியான மாராரிக்குளம் தெற்கிலுள்ள சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. நாற்றத்தையும் கெட்டுப்போன கிணற்று நீரையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்த அவ்வூர் மக்கள், ஒரு கட்டத்தில் இனி லாரி உள்ளே வரக் கூடாது என்று மறித்து நின்றார்கள். 2012-இல் ஆலப்புழையின் தெருக்களிலும் கால்வாய் ஓரங்களிலும் குப்பை மலையாகக் குவிந்தது. வேறு இடம் தேடி இன்னோர் ஊராட்சியின் தலையில் அதைக் கட்டிவிடுவது எளிதான வழியாக இருந்திருக்கும். அவரவர் வீட்டு மட்கும் குப்பையை அங்கேயே மட்கச் செய்வது என்ற கடினமான வழியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அன்று எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் இதில் முன்னின்றார். 2012 நவம்பரில் 12 வார்டுகளில் மட்டும் தொடங்கி, வீட்டு எரிவாயுக் கலனுக்கும் குழாய் உரக் கலனுக்கும் மானியம் கொடுத்து, அதன் பிறகே மற்ற வார்டுகளுக்கு விரித்தார்கள். 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் குப்பை மேலாண்மைக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில், ஜப்பானின் ஒசாகாவோடும் மலேசியாவின் பினாங்கோடும் ஆலப்புழையும் இடம்பெற்றது.

வீட்டில் இடமில்லாதவர்களுக்காக அங்கே தெருமுனைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வைக்கப்பட்ட உரத்தொட்டிகள் எங்கள் உறுப்பினர்கள் குனிந்து பார்க்க வேண்டியவை. திருச்சூர் மாவட்டம் தும்பூர்முழியிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உருவான முறை அது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நான்கு அடி. நாற்புறமும் காற்றுப் புகும்படி இடைவெளி விட்ட சுவர். அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் வீட்டுக் கழிவு, மறுபடி சாணம், சருகு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நிறைந்த தொட்டியை மூன்று மாதம் அப்படியே விட்டால் உரமாகிவிடும். காற்று நன்றாகப் புகுவதாலும் சருகு ஈரத்தை இழுத்துக்கொள்வதாலும் நாற்றம் எழுவதில்லை. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், ஒப்பந்தப்புள்ளியும் அநேகமாக வேண்டாம். (கடைசியாகச் சொன்னது சிலருக்குக் குறையாகத் தோன்றலாம்.) எங்கள் ஊரிலும் நுண் உர மையம் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே சருகு என்ற பொருளையே யாரும் சேர்த்து வைப்பதில்லை. வேப்ப மரத்தடியில் கூட்டிய இலையைத் தீ வைத்துவிட்டு, தண்ணீர் சொட்டும் உணவுக் கழிவை மட்டும் தொட்டியில் நிரப்புகிறார்கள். புழு நெளிந்து நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் மனுக்கொடுக்க, மையம் பூட்டிக் கிடக்கிறது. இந்தப் பூட்டைத் திறக்கும் வழி 550 டன் ஆலையில் இல்லை.

கேரளத்திடம் போய்க் குப்பைப் பாடம் படிப்பதா என்று இப்பகுதி வாசகர்கள் சினம் கொள்வது எனக்குத் தெரியாததல்ல. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர்ப் பகுதியில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டதும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு அம்மாநில அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றதும் நம் நினைவைவிட்டு நீங்கவில்லை. அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பே கிடையாது. அதைப் போலவே, 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு தீப்பற்றிப் பத்து நாள்களுக்கும் மேல் நகரத்தைப் புகையில் மூடியதும் கேரளத்தில்தான். ஒரே மாநிலத்தில், சில மணி நேரப் பயணத் தொலைவில், ஓர் ஊர் குப்பையைப் பிரித்துத் தீர்த்தது, இன்னோர் ஊர் குவித்துக் கெடுத்தது என்றால், இரண்டையும் பார்ப்பவருக்குத்தான் வேறுபாடு விளங்கும். ஆகவே ஆலப்புழைக்குப் போகிறவர்கள் பிரம்மபுரத்தையும் பார்த்துவிட்டே திரும்பட்டும். ஆலப்புழையிலும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளாமல், கைவிடப்பட்ட தொட்டிகள் உண்டா, உண்டென்றால் ஏன் கைவிடப்பட்டன என்று கேட்கட்டும். நல்ல நிலையில் உள்ளவற்றைக் காட்ட எந்த நகராட்சியும் தயங்காது. பழுதானவற்றைக் கேட்டுப் பார்ப்பது விருந்தினரின் பொறுப்பு.

அடுத்தது, யார் போவது என்பது. தலைவரும் உறுப்பினர்களும் மட்டும் போய்வந்தால், கண்டதைச் சொல்ல அவர்கள் இருப்பார்கள், செய்து பார்க்கும் கைகள் அதைக் கண்டிருக்காது. துப்புரவு ஆய்வாளர், மேற்பார்வையாளர், வீடுவீடாகச் சென்று பேசும் பரப்புரையாளர்கள், இவர்களோடு தூய்மைப் பணியாளர்களில் சிலர் கட்டாயம் அந்த வண்டியில் இடம்பெற வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் தனியார் ஒப்பந்ததாரரின் ஆட்கள், அவர்களை எந்தக் கணக்கில் அழைத்துச் செல்வது என்று அலுவலகத்தில் கேள்வி எழும். அதற்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். சருகு சேர்ப்பதில் தொடங்கித் தொட்டியில் அடுக்குவது வரை, ஆலப்புழைத் தொழிலாளியிடம் நம் தொழிலாளி கேட்கும் கேள்விகளை எந்த உறுப்பினரும் கேட்க மாட்டார்: கையுறை எத்தனை நாளுக்கு ஒன்று, விடுப்பு எடுத்தால் மாற்றாள் உண்டா, கலந்த குப்பையை வாங்க மறுத்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வரும்போது மேலதிகாரி யார் பக்கம் நிற்கிறார்? திட்டம் நிற்பதும் விழுவதும் இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது என்பேன். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையைப் பிரித்துத் தருவது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் எங்கள் தெருவில் அந்த விதியைச் சொல்லும் பணியாளருக்கு வசவுதான் கிடைக்கிறது, அந்த வார்டு உறுப்பினரும் வாக்காளரைப் பகைத்துக்கொள்ளத் துணிவதில்லை.

பயணத்துக்குப் பின் அறிக்கை ஒன்று எழுதப்பட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எழுதுவார்கள், கோப்பில் வைப்பார்கள். நான் கேட்பது, அந்த அறிக்கை திரும்பி வந்ததும் கூடும் முதல் நகர்மன்றக் கூட்டத்தில் விவாதப் பொருளாக வைக்கப்பட வேண்டும், பின்னர் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளிலும் படிக்கப்பட வேண்டும் என்பது. பகுதி சபை என்ற அமைப்பு 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தும், எங்கள் வார்டில் அதன் கூட்டங்கள் குறைகளைச் சொல்லி மனுக்கொடுக்கும் இடமாகவே முடிந்துவிடுகின்றன. உறுப்பினர் தாம் பார்த்ததைச் சொல்லி, எங்கள் தெருவில் எந்த இடத்தில் தொட்டி வைக்கலாம் என்று கேட்டால் அந்தக் கூட்டத்துக்கு வர நாங்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இன்றைய மன்றத்தின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. 12 வார்டுகளில் தொடங்க ஆலப்புழைக்கு முடிந்தது என்றால், இரண்டு வார்டுகளிலாவது தொடங்கிக் காட்ட எங்கள் மன்றத்துக்கு இயலும். அதில் ஒன்று, பூட்டிக் கிடக்கும் உர மையம் அமைந்துள்ள வார்டாக இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். சாவி நகராட்சி அலுவலகத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
நகராட்சிவாசி ஒருவர்,
தென்காசி மாவட்டம்.