கேட்கிற விதத்தில் கேட்டால் பங்கு மக்கள் வருவார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

"பங்கு வேலைக்கு ஆள் வருவதில்லை, காணிக்கையும் போதவில்லை" என்ற குறை நம் கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் குழுமங்களின்) பேரவைக் கூட்டங்களில் ஓயாமல் கேட்கிறது. மக்களுக்குப் பற்று குறைந்துவிட்டது என்று காரணமும் சொல்லி முடித்துவிடுகிறோம். அது சரியல்ல. என்ன வேலை, எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு, கொடுத்த காசு எங்கே போனது என்று யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை.

திருப்பலி (பூசை) முடிவில், "ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று அறிவித்தால் பக்கத்தில் இருப்பவர் கொடுப்பார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். பொதுவாக எல்லாரிடமும் கேட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள். அதையே ஒருவரிடம் நேரில் போய், "உங்கள் குரல் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு விவிலியத்திலிருந்து முதல் வாசகம் வாசிப்பீர்களா?" என்று கேளுங்கள். கையோடு அரைப் பக்கத் தாள் ஒன்றையும் கொடுங்கள்: வேலை என்ன, எப்போது, மாதம் எத்தனை மணி நேரம், சொல்லித்தருபவர் யார், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, எந்தத் தேதியோடு முடிகிறது. கடைசிக் கேள்விக்கான பதில்தான் பலரைச் சம்மதிக்க வைக்கும். ஒருமுறை தலையாட்டினால் ஆயுள் முழுக்க விட முடியாது என்ற பயம் நம் மக்களுக்கு உண்டு. பல பங்குகளில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஓராண்டு அல்லது இரண்டாண்டு என்று காலம் வையுங்கள். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்தவரை உடன் நிறுத்திப் பழக்குங்கள். அதே பத்துப் பேர் எல்லாவற்றையும் சுமந்து களைத்துப்போவதும், புதியவர்கள் "நமக்கு அங்கே இடமில்லை" என்று ஒதுங்கி நிற்பதும் இந்த ஏற்பாடு இல்லாததால்தான்.

வேலை என்றால் மேடையும் ஒலிவாங்கியும் மட்டுமல்ல. திருப்பலியில் திராட்சை இரசம் வைக்கும் திருக்கிண்ணத்தைத் துடைக்கும் துணியையும், பலிபீடத்தில் திருக்கிண்ணத்துக்குக் கீழே விரிக்கும் சதுரத் துணியையும் துவைப்பவர் யார் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. அவற்றை நேரே சோப்பில் போடக் கூடாது. முதலில் சுத்தமான தண்ணீரில் அலச வேண்டும். அந்த முதல் அலசு தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல், இதற்கென்றே மண்ணுக்குள் இறங்கும் தொட்டியிலோ யாரும் மிதிக்காத மண்ணிலோ ஊற்ற வேண்டும். பிறகுதான் சோப்பும் இஸ்திரியும். சதுரத் துணியை மூன்றுக்கு மூன்றாக உள்பக்கம் மடித்தால் ஒன்பது கட்டம் விழும். நற்கருணைத் துகள் (அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தின் துகள்) ஏதும் இருந்தால் கீழே சிந்தாமல் உள்ளேயே நிற்கும். நாலு பேர் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மாதம் ஒரு தடவைதான் வரும். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பணி இல்லை. பேச்சு வராதவர், நடக்க முடியாதவர், இரவு வேலைக்குப் போகிறவர் எல்லாருக்கும் பங்கில் வேலை இருக்கிறது. அந்தப் பட்டியலைத்தான் நாம் எழுதி வைக்கவில்லை.

பெயர் கொடுத்தவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். படிவம் நிரப்பி ஒரு மாதம் காத்திருந்து ஒன்றும் வராதவர் மறுபடி நிரப்பமாட்டார். பிள்ளைகளோடு பழகும் பணிகளுக்கு மட்டும் அவசரம் வேண்டாம்: மறைமாவட்டம் (ஆயரின் ஆட்சிப்பகுதி) சொல்லும் சரிபார்ப்பு முடிந்த பிறகே சேருங்கள், மறைக்கல்வி வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும்.

இனி காணிக்கை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது இறைமக்களின் கடமை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 222) சொல்கிறது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற அளவுக்கு என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2043) சேர்த்துச் சொல்கிறது. எப்படி என்பதற்குப் பவுலடியாரின் வழியே போதும்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்குத் தக்கபடி எடுத்து வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2). செலவெல்லாம் போக மிஞ்சியதில் கொடுக்கலாம் என்றிருந்தால் மிஞ்சவே மிஞ்சாது. வருமானம் கைக்கு வந்த அன்றே நூற்றுக்கு ஒன்று எடுத்து வையுங்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கூட்டலாமா என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள். திருப்பலிக்கு வர முடியாத வாரத்தின் காணிக்கையை அடுத்த வாரம் சேர்த்துப் போடுங்கள். விடுமுறையில் கூட்டம் குறைந்தால் காணிக்கையும் குறைகிறது, மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் குறைவதில்லை. எப்போதோ வரும் பெருந்தொகையைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகைதான் பங்குக்குத் தெம்பு.

குறிப்பிட்ட ஒன்றுக்கென்று கொடுக்கும் முன் யோசியுங்கள். அப்படிக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது அதே திருச்சபைச் சட்டத் தொகுப்பின் சட்டம் 1267. சுரூபத்துக்கென்று (சிலைக்கென்று) வந்த பணத்தில் ஒழுகும் கூரையைப் பழுது பார்க்க முடியாது. பெயர் பொறிக்க இடமிருக்கும் பொருளுக்குப் போட்டியும், சுவருக்குள் ஓடும் பழைய மின்கம்பிக்கு ஆளே இல்லாததும் வருத்தமான நிலை. கொடுப்பதற்கு முன் பங்குத்தந்தையிடமோ நிதிக்குழுவிடமோ "இப்போது எது அவசரம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதற்கு ஈடாகப் பங்கு நிர்வாகம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது சட்டம் 537. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடமே கணக்குக் காட்டச் சொல்வது சட்டம் 1287. காணிக்கையை உறவினர் அல்லாத இருவராவது சேர்ந்து எண்ண வேண்டும். தொகையைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பையை முத்திரையிட்டு, அடுத்த வேலை நாளிலேயே வங்கியில் கட்ட வேண்டும். எண்ணுபவரே கணக்கும் எழுதக் கூடாது. எண்ணும் குழுவும் முறை மாற வேண்டும். யார் மேலும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. உண்மையாக உழைப்பவர் மேல் வீண்பழி விழாமல் காப்பதும் இந்த ஒழுங்குதான். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் ஒட்டினாலே பல முணுமுணுப்புகள் அடங்கிவிடும்.

கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு பாராட்டினார். நம் பட்டியலில் அவர் கடைசியில்தான் வருவார். இல்லாதவர் கூசிப்போய்க் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்வார். வறுமையால் எவரும் திருமுழுக்கு, திருமணம் போன்ற அருளடையாளங்களை இழக்காதபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம் 848. குறிப்பிட்ட ஒருவருக்காகவோ ஒரு தேவைக்காகவோ திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லிக் கொடுப்பதும் காணிக்கையே, விலையல்ல. இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; பலர் கேட்கத் தயங்கியே ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன அரைப் பக்கப் பணித்தாளையும் ஒரு பக்கக் கணக்கு அறிக்கையையும் மாதிரிப் படிவங்களாகத் தங்கள் இதழின் நடுப்பக்கத்தில் வெளியிட்டால், பங்குகள் அப்படியே கிழித்தெடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்.

இப்படிக்கு,
பங்கு நிதிக்குழு உறுப்பினர்கள் சிலர்