பயிற்சிக்குப் போகும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஹோட்டலில் செய்யப்போகும் இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங்கில் ஃப்ரண்ட் ஆபீஸ், அதாவது ரிசப்ஷன் பக்கம் கிடைத்தால் போதும், அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் வேண்டாம் என்று சொன்னாயாமே, அப்பா சொன்னார். ஃபோனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த துறை என்பதற்காகப் பரிந்து பேசவில்லை. ஹோட்டல் விற்பதே அறையைத்தான். ஒரு ஷிஃப்டில் 14, 15 அறை சுத்தம் செய்கிறவருக்குத்தான் ஓர் அறைக்கு எவ்வளவு நேரம், எத்தனை துணி, எவ்வளவு சோப்பு போகிறது என்று கை அறியும். அது தெரியாமல் ரிசப்ஷனில் நிற்பவர், முடியாத நேரத்துக்கு அறை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு முழிப்பார். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

சுற்றுலா இப்போதுதான் வளர்கிற நாடுகளில் ஒன்றைக் கவனி. புது ஹோட்டல் திறந்தால் பெட்டி தூக்கவும் மேசை துடைக்கவும் உள்ளூர்ப் பிள்ளைகள் இருப்பார்கள். விலையை முடிவு செய்யும் நாற்காலியில் பல இடங்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் இருப்பார். உள்ளூரில் திறமைக்கா பஞ்சம்? படித்து வருகிறவர்களில் பலர் சில வருடங்களிலேயே கப்பல் வேலைக்கோ வேறு தொழிலுக்கோ போய்விடுகிறார்கள். சம்பளம் குறைவு, நேரம் அதிகம், பண்டிகைக்கு லீவு கிடையாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மேலே ஏற வேண்டிய ஆட்கள் நடுவிலேயே கரைந்துவிடுகிறார்கள்.

படிப்பிலும் குறை இருக்கிறது. நாப்கின் மடிக்கக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு விலை வைக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. 100 அறை இருக்கும் ஹோட்டலில் ஒரு நாள் 80 அறை போகிறது, ஓர் அறைக்கு வாடகை 30 என்று வைத்துக்கொள், வரவு 2,400. இன்னொரு நாள் 65 அறை, வாடகை 40, வரவு 2,600. கூட்டம் குறைந்த நாளில்தான் வரவு கூடுதல், சலவையும் குறைவு. இதில் ஆன்லைன் புக்கிங் தளங்கள் வழியாக வந்த அறைகளுக்கு 15, 20 சதவீதம் கமிஷன் போய்விடும். நேரடியாக அழைத்து புக் செய்யும் விருந்தினரை ஹோட்டல்கள் ஏன் அவ்வளவு தாங்குகின்றன என்று இப்போது புரிகிறதா? இன்றைக்கு இந்தக் கணக்குத் தெரிந்தவருக்குத்தான் தேவை அதிகம்.

இந்தத் தொழிலில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். உலகம் முழுக்க நாடு விட்டு நாடு போன பயணிகள் 2019இல் சுமார் 146 கோடி. 2020இல் கொரோனாவால் அது சுமார் 40 கோடியாக விழுந்தது. அப்போது வேலை இழந்து வேறு பிழைப்புக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. 2024இல் பயணிகள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிட்டார்கள். கைதேர்ந்த ஆட்கள் கிடைக்காமல் பல ஹோட்டல்கள் இன்னும் தவிக்கின்றன. உனக்கு இடம் இருக்கிறது என்று நான் நம்புவது அதனால்தான்.

அதனால் ஹவுஸ்கீப்பிங் கொடுத்தால் முகம் சுளிக்காமல் போ. அப்புறம், சில இரவுகளாவது நைட் ஆடிட்டில் உட்கார வைக்கும்படி கேள். அறை, உணவகம், சலவை என்று அன்றைய ஹோட்டலின் மொத்த வரவும் அங்கேதான் ஒன்றுசேரும். தூக்கம் கெடும் என்று மற்றவர்கள் ஒதுங்குவார்கள். நீ கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

கறுப்பு ஷூவை இந்த வாரமே வாங்கி, போட்டுப் பழகிவிடு. புது ஷூவில் எட்டு மணி நேரம் நின்றால் கால் கொப்பளித்துவிடும். எந்தத் துறை முதலில் என்று தெரிந்ததும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா