வீட்டில் செய்யும் சீட்டுக்கு எந்தப் பூச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே சீட்டுக்கட்டு தயாரிப்பது பற்றித் தங்கள் கைவினைப் பகுதியில் வந்த கட்டுரை, அச்சிடுவதையும் வெட்டுவதையும் விரிவாக விளக்கிவிட்டு, மேற்பூச்சை மட்டும் 'லேமினேட் செய்துகொள்ளலாம்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது.

லேமினேஷன் ஈரத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால், தாளின் விளிம்போடு ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் படலம் அங்கிருந்தே பிரியத் தொடங்கும். பிரியாவிட்டாலும் சீட்டு தடித்து, கலைக்கும்போது வளைய மறுக்கும். வழவழப்பான இரு பரப்புகள் இடையில் காற்றின்றிப் படிந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான், ஆலையில் செய்யப்படும் பல சீட்டுகளின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகளைப் பதிக்கிறார்கள். அக்குழிகளை வீட்டில் உண்டாக்குவது எளிதன்று.

ஆகவே, ஏறத்தாழ 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) அட்டையில் அச்சிட்டு, பளபளப்புக் குறைந்த அக்ரிலிக் ஸ்ப்ரேயை, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததாக, மெலிதாக அடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் சீட்டு சுருளக்கூடும் என்பதால் இரு பக்கமும் பூச வேண்டும். இங்க்ஜெட் அச்சின்மேல் நீர் கலந்த வார்னிஷைத் தூரிகையால் தடவினால் மை கலைந்து பரவிவிடக்கூடும். அழகிய ராணியின் முகம் அப்படிக் கரைவதைப் பார்க்க எவருக்கும் மனம் வராது. தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே இறுகச் சில நாட்கள் ஆகலாம். அதற்குள் அடுக்கினால் கட்டு முழுதும் பிடித்துக்கொள்ளும்.

ஸ்ப்ரேயின் ஆவி நுரையீரலுக்கு ஆகாதென்பதால், அதைத் திறந்தவெளியில் பெரியவர்களே அடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்