பெண்களிடமும் மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள்

யாங்கோன் தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கும் சங்கப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நம் மண்டபத்தில் போதை ஒழிப்புக் கூட்டம் நடந்தது. அழைப்பிதழில் 'வாலிபர்களுக்கு' என்று அச்சிட்டிருந்தீர்கள். பின்கட்டில் சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண்களில் என் அக்காள் மகளும் ஒருத்தி. லாயிங் தாயா தொழிற்பேட்டையில் தையல் ஆலை வேலை. இரவு ஓவர்டைமில் கண் செருகாமலிருக்க அவள் 'யாமா' என்கிற போதை மாத்திரை விழுங்கிவந்தது அன்று எங்களுக்குத் தெரியாது. பிறகு தலையணை உறைக்குள் அகப்பட்டது: சிகரெட் பெட்டித் தாளில் மடித்த மூன்று சிவப்பு மாத்திரைகள், சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை, வெனிலா வாசனையோடு.

"சித்தி, சில நாள் ஒன்றே தூக்கியடிக்கும். சில நாள் இரண்டு போட்டாலும் ஏறாது" என்றாள். பொய் சொல்கிறாள் என்று கோபப்பட்டேன். பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்று பின்னால் படித்துத்தான் அறிந்தேன்.

அந்த மாத்திரையில் இருப்பது மெத்தாம்ஃபெட்டமினும் காஃபீனும். மெத்தாம்ஃபெட்டமின் மூளை நரம்பணுக்களிலிருந்து டோபமின் என்ற கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருளை வெளியே தள்ளுகிறது. அது திரும்ப உள்ளே போகவும் விடுவதில்லை. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இந்தச் சுரப்பை இன்னும் கூட்டுகிறது. சினைப்பையை அகற்றிய பெண் எலிகளுக்கு, இதே வகை மருந்தான ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் டோபமின் குறைவாகவே வெளிப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் செலுத்தியதும் மறுபடி உயர்கிறது. பெண்களிடம் நடத்திய ஆய்வுகளிலும், மாதவிலக்குக்குப் பிந்தைய நாட்களில், ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது, ஆம்ஃபெட்டமினின் கிளர்ச்சி கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. மாதவிலக்குச் சுழற்சியின் பிற்பாதியில் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் அதை ஓரளவு மட்டுப்படுத்துவதாகக் கருதுகிறார்கள். சிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர், ஆண்களைவிடக் குறைந்த காலத்திலேயே அடிமையானவர்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, "பெண் பிள்ளைக்கு அடக்கம் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்கவில்லை. பசிக்காது, உடம்பு இளைக்கும், ஓவர்டைம் பார்க்கலாம் என்றுதான் அவள் கையில் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய உடம்பில் அது எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று அவளிடம் சொல்ல ஒருவரும் இல்லை. நானும் சொல்லவில்லை.

ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றும்போது நம் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். அன்று பிற்பகல் ஒரு மணி நேரம் மண்டபத்தை எங்களுக்குக் கொடுங்கள். ஒரு பெண் மருத்துவரை அழையுங்கள். மாதவிலக்கைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்கவும் பதில் சொல்லவும் கூடியவராக இருக்கட்டும். என் அக்காள் மகளும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆண்கள் இருந்தால் மட்டும் வாய் திறக்கமாட்டாளாம்.

இப்படிக்கு,
அவள் சித்தி