நோவாக்கையும் சொல்லிக்கொடுங்கள்: ஆஸ்திரேலியத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போரில் இறந்தவர்களை ஆஸ்திரேலியா நினைவுகூரும் அன்சாக் நாளான ஏப்ரல் 25 நெருங்கினால் நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பாப்பி மலர் வரைகிறார்கள், முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படை இறங்கிய துருக்கியின் கலிப்போலியைப் பற்றி நாலு வரி எழுதுகிறார்கள். நல்லதுதான். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் எரல் நோவாக்கைப் பற்றியும் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நோவாக் தெற்கு ஆஸ்திரேலியாக்காரர். கட்டாய சேவையில் எடுக்கப்பட்டவர்களில் வியட்நாமில் முதலில் இறந்தவர் அவர்தான். 1966 மே 24, நுய் தாத் அருகே. வயது 21. அங்கே போய் இறங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எதிரி சுட்டதாக முதலில் சொன்னார்கள். குழப்பத்தில் சொந்தப் படையினரின் குண்டே பட்டிருக்கலாம் என்று பின்னாளில் எழுதினார்கள்.

அவர் படைக்குப் போன விதம்தான் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது. 1964 நவம்பரில் பிரதமர் மென்சீஸ் கட்டாய ராணுவ சேவையை அறிவித்தார். 20 வயதாகும் ஆண்கள் பெயர் பதிய வேண்டும். அத்தனை பேரும் தேவையில்லை, ஆகவே குலுக்கல். ஒவ்வொரு பிறந்த தேதிக்கும் எண் போட்ட ஓர் உருண்டை; எல்லாவற்றையும் லாட்டரிப் பீப்பாயில் போட்டுச் சுழற்றி எடுப்பார்கள். தேதி விழுந்து, உடல் தகுதியும் இருந்தால் இரண்டு வருடம் ராணுவம். அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தால் விலக்கு உண்டு. முதல் குலுக்கல் 1965 மார்ச் 10 அன்று நடந்தது. விழுந்த தேதிகளை 1970 வரை பொதுவில் வெளியிடவும் இல்லை.

அப்போது வாக்களிக்க 21 வயதாக வேண்டும். 1963 நவம்பரில் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் நடந்தபோது நோவாக்குக்கு 18. அடுத்த தேர்தல் 1966 நவம்பரில். அதற்குள் அவர் இறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. தன்னைப் போருக்கு அனுப்பிய அரசு இருக்கட்டுமா போகட்டுமா என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. வியட்நாமும் கட்டாய சேவையும்தான் அந்த 1966 தேர்தலின் பெரிய பேச்சு. மென்சீஸுக்குப் பிறகு பிரதமரான ஹரல்ட் ஹோல்ட் அமோகமாக ஜெயித்தார்.

கலிப்போலியில் இறங்கியவர்கள் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். வெளிநாட்டுப் போருக்கு ஆட்களைக் கட்டாயமாக அனுப்பலாமா என்று 1916இலும் 1917இலும் மக்களிடம் கேட்டார்கள். இரண்டு முறையும் கூடாது என்றே தீர்ப்பு வந்தது. 1964இல் அப்படி யாரையும் கேட்கவில்லை. வியட்நாம் போன சுமார் 15,000 கட்டாய வீரர்களில் ஏறத்தாழ 200 பேர் திரும்பவில்லை.

இன்னொன்று. போரின் தொடக்கத்தில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் குடும்பம்தான் பணம் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள் மலாக்கா அருகே தெரன்டாக் முகாமில் அடக்கமானார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 1966இல்தான் அரசு அந்தச் செலவை ஏற்றது. தெரன்டாக்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் வந்து சேர்ந்தது 2016இல். வெட்கக்கேடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'இது இவர்கள் நாட்டு அரசியல், நமக்கு எதற்கு?' என்று சில பெற்றோர் கேட்கலாம். 1967 முதல் குடியுரிமை பெறாத குடியேறிகளும் இந்தக் குலுக்கலுக்குள் வந்தார்கள். ஓட்டு கிடையாது, ஆனால் துப்பாக்கி உண்டு. கட்டாய ஆட்சேர்ப்பைக் கண்ட இலங்கையின் வன்னியிலிருந்து வந்த பெற்றோருக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

சரி, எப்படிச் சொல்வது? குலுக்கலை வகுப்பில் நடித்துக் காட்ட வேண்டாம், விளையாட்டாகிப் போகும். அரைமணி நேரம் கதையாகச் சொல்லுங்கள். அப்புறம், 'என் பிறந்த தேதி விழுந்திருந்தால் யாரிடம் என்ன கேட்டிருப்பேன்?' என்று தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் குலுக்கலில் போய்வந்த ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். அவர்களில் இளையவர்களே எழுபதைத் தாண்டிவிட்டார்கள், அதனால் இந்த ஏப்ரலிலேயே செய்தால் நல்லது.

அன்புடன்,
அடிலெய்டிலிருந்து ஒரு பெற்றோர்