கடலோர வீடுகளில் கேஸ் சிலிண்டர் இணைப்பு

ஐயா,

பாம்பன், தங்கச்சிமடம் பகுதியில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடுவதால், சிலிண்டர் மாற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த 14.2 கிலோ சிலிண்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, வாயு கசியாமல் தடுக்க வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் ஓரத்தில் கீறியிருந்தது. கொண்டுவந்த தம்பியிடம் காட்டியதும் அவரே வேறு வளையம் போட்டுத் தந்தார். பார்க்காமல் மாட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் மனம் பதறுகிறது.

சாமி விளக்கு உட்பட எல்லா நெருப்பையும் அணைத்து, ரெகுலேட்டர் குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, ரெகுலேட்டரின் அடியிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, லேசாகத் திருகியபடி வால்வில் அழுத்தி, பின் வளையத்தை விட வேண்டும். இறுகவில்லை என்று சுத்தியலால் தட்டவே கூடாது. கசிவைத் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. அது ஆபத்து; சோப்புத் தண்ணீரைத் தடவினாலே குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்றைவிடக் கனமான இந்த வாயு தரையோடு தேங்குவதால், வாடை வந்தால் மின்சுவிட்சைத் தொடாமல் கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எரிவாயு அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சிலிண்டர் கொடுக்கும்போதே ரப்பர் வளையத்தையும் கசிவையும் சோதித்துக் காட்டும்படி எரிவாயு முகவர்களுக்கு மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, தங்கச்சிமடம்